கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்து

என் மகள் கஜந்தினி பிணைக்காரியாகப் போகிறாள் என்று சொன்னபோது கோயிலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. டொலார்ட் முருகன் கோயிலில் என்னோடு இருந்து பூக்கட்டும் சீதேவி மட்டும், "ஏன், பிள்ளைக்கு நல்ல வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கவலையாகக் கேட்டாள். சீதேவிக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் பூக்கட்டி முடியாது. நான் "ஓம் ஓம்" என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் எனக்கே அது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. கனடாவில் காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்கச் சட்டம் விடாது. இங்கே பிடிபட்டவனுக்குத் தாயோ தகப்பனோ தெரிந்தவர்களோதான் வந்து நிற்க வேண்டும். எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து தெற்கே காரைவிட்டு எல்லையைக் கடந்தால் அதுவே ஒரு தொழில். கஜந்தினி கலியாணம் முடித்து எல்லைக்கு அந்தப் பக்கம், நியூ யோர்க் மாநிலத்துப் பிளாட்ஸ்பர்க்கில் இருக்கிறாள். மருமகன் றொபின்சன் அங்கே ஆஸ்பத்திரியில் ஆண் தாதி. மகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல காலம் இருந்துவிட்டு, சோதனை எழுதிப் பிணை முகவருக்கான லைசன்ஸ் எடுத்துவிட்டாள்.

லைசன்ஸ் இருந்தால் மட்டும் காணாதாம். இவளுடைய கையெழுத்தை நீதிமன்றம் நம்பாது. பின்னால் ஒரு காப்புறுதிக் கம்பனி நிற்க வேண்டும். அந்தப் பெரிய கம்பனிகள் புதிதாக வந்தவளின் தொலைபேசியை எடுத்தே பேச மாட்டா. அதனால் நடுவில் பொது முகவர் என்று ஒருவர் இருப்பார். கம்பனிக்கு அவர் பொறுப்பு, அவருக்கு இவள் பொறுப்பு. பிணையில் வெளியே வந்தவன் வழக்குக்கு வராமல் ஓடிவிட்டால் அந்த நெருப்பு முதலில் இவளைச் சுடும், பிறகு அவரைச் சுடும். சுருக்கமாகச் சொன்னால், பிணை நிற்கிறவளுக்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும்.

"நல்ல பொது முகவரைப் பிடிச்சா நான் தப்பிச்சன் அம்மா. பிழையான ஆளோடை சேந்தா வீடு போகும்" என்றாள் கஜந்தினி. சும்மா சொல்லவில்லை. அவளும் றொபின்சனும் வாங்கிய வீட்டைத்தான் ஈடாக எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். ஒருவரோடு சேர்ந்தால் இலேசில் பிரியவும் முடியாது, எழுதிய பிணையெல்லாம் முடியும்வரை கட்டுத்தான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஆல்பனியில் செலீன் என்று ஒரு பொது முகவர் இருந்தாள். கியூபெக்கில் பிறந்து அங்கே போனவள். தொலைபேசியில் மகளைப் பிரெஞ்சிலேயே குடைந்து எடுத்திருக்கிறாள். எழுதும் ஒவ்வொரு பிணையிலும் ஒரு பங்கைப் பிடித்து ஒதுக்கி வைப்பாளாம், ஆள் ஓடினால் அதிலிருந்து எடுப்பாளாம், அதுவும் போதாவிட்டால் வீட்டைத் தொடுவாளாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாளாம்: "உன்னுடைய ஆட்களிலேயே யாருக்கு உன்னால் முடியாது என்று சொல்ல முடியும்?" கஜந்தினிக்குப் பதில் வரவில்லை. பதில் கிடைத்த பிறகு தொலைபேசி எடு என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உவளென்ன, பொம்பிளை பாக்க வந்தவளோ? உவளை விடு. எங்கடை வசீகரன் இருக்கிறான்" என்றேன்.

வசீகரன் நியூ ஜேர்சியில் பெரிய பொது முகவர். அவனுக்குக் கீழே எத்தனையோ பேர் பிணை எழுதுகிறார்கள், நியூ யோர்க் பக்கமும் எழுதலாம். இவ்வளவு வேண்டிய ஆள் இருக்க நாங்கள் ஏன் ஆல்பனிக்காரியிடம் பரீட்சை எழுத வேண்டும்? நான் சொல்லி முடிக்கவில்லை, என் மனுசன் தியாகலிங்கம் பேப்பரை மடித்து வைத்தார்.

"அவனிட்டைக் கேக்கேலாது."

"ஏன் கேக்கேலாது?"

"கேக்கிறதில்லை, அவ்வளவுதான்."

இந்த மனுசனின் 'அவ்வளவுதான்' எனக்குப் பழகினது. அந்தக் காலத்தில் இவர் எத்தனையோ பேருக்குக் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் பிணை நின்றிருக்கிறார். காசுக்கு அல்ல, சும்மா. ஊர்ப் பெடியன் ஒருவன் பிடிபட்டு உள்ளே இருக்கிறான் என்று தொலைபேசி வந்தால் அரைச் சாப்பாட்டில் எழும்பிப் போவார். அப்படி வெளியே வந்தவர்களிடம் பிறகு ஒரு தேங்காய் துருவித் தா என்றுகூடக் கேட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அது எப்போதும் எரிச்சல்.

வசீகரன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் கோட் டி நேஜில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். கஜந்தினி கைக்குழந்தை. மாசி மாதம், வெளியே மூக்கு விறைக்கும் குளிர். ஒரு நாள் தொலைபேசி வந்தது: "கரவெட்டி வசீகரன், வாத்தியாற்றை மகன், பிடிபட்டு நிக்கிறான்." இவருக்கு அந்த வாத்தியாரிடம் படித்த நன்றி. யாருடைய காரையோ இரவல் வாங்கிக்கொண்டு ஓடினார்.

உள்ளேயிருந்து அரைக்கைச் சேட்டோடு ஒரு மெலிந்த பெடியனைக் கொண்டுவந்து விட்டார்களாம். இவர் ஆவலாக, "வாத்தியார் சுகமோ?" என்று கேட்டாராம். "எந்த வாத்தியார், அண்ணை?" என்றானாம் அவன். அவன் முல்லைத்தீவு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பேர் ஒன்று, ஆள் வேறு. கரவெட்டி வசீகரன் ஜேர்மனியில் சுகமாக இருந்தான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்ப நீங்கள் வேறை ஆளுக்கு வந்திருக்கிறியள். பரவாயில்லை அண்ணை" என்று சொல்லி, கூட்டி வந்த அதிகாரியோடு திரும்பி உள்ளே போகக் காலெடுத்து வைத்தானாம். இவர் "நில்லும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் வைத்து நான் பிடித்த பிடியில் மனுசன் ஒடுங்கிப்போனார். "ஆர் எவர் எண்டு தெரியாதவனுக்கு ஏன் நிண்டனீங்கள்?" என்று கேட்டேன். "அவ்வளவு தூரம் போனாப்போலை வெறுங்கையோடை எப்பிடி வாறது?" என்றார். சந்தைக்குப் போனவர் சொல்வதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சண்டை பிடிக்க முடியுமா?

பிணையின் நிபந்தனை, பிணை நின்றவரின் வீட்டில்தான் தங்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை போய் ஒப்பமிட வேண்டும். வசீகரன் எங்கள் கூடத்தில் படுத்தான். வேலைக்குப் போக அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. இவர் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கப் போக, நான் சபனெல் தெருத் தையல் தொழிற்சாலைக்குப் போக, கஜந்தினியை அவன்தான் பார்த்தான். பால் கரைத்துக் கொடுப்பான், தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்று கீழே போகும் பஸ்களைக் காட்டுவான். அந்த வீட்டுக் கண்ணாடியில் இரண்டு பேரின் மூச்சும் படிந்து கிடக்கும். நான் வேலை முடிந்து தெருவில் வரும்போது அந்த வெள்ளைப் பூச்சுத்தான் முதலில் தெரியும். அப்போது என் களைப்பில் பாதி போய்விடும். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. அவ்வளவு நெருக்கடியான வீட்டில் அவ்வளவு சந்தோசமாக நான் பிறகு இருந்ததில்லை.

ஆனால் பெடியன் ஒன்றும் கேட்க மாட்டான். சோறு போட்டால் போட்டதைச் சாப்பிடுவான். இன்னும் வேண்டுமா என்றால் "காணும் அக்கா" என்பான். வயிறு அப்படிச் சொல்லவில்லை என்று முகத்தில் தெரியும். நான் வில்லங்கத்துக்குப் போட்டால்தான் உண்டு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பழைய சாமான் கடையில் நான் அவனுக்கு ஒரு சோடிப் பனிச்சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். மண்ணிறம், ஒரு காலில் வார் அறுந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தருவான். "அக்கா, இதை உங்கடை அறைக்குள்ளை வையுங்கோ." முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்தக் குளிரில் சப்பாத்து இல்லாமல் ஒருவன் எங்கே ஓட முடியும்? அண்ணை என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார், நான் ஓட மாட்டேன், நீங்கள் நிம்மதியாகப் படுங்கள் என்று அவன் சொன்ன விதம் அது. நாங்கள் கேட்கவேயில்லை. நான் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைப்பேன். காலையில் கதவைத் தட்டி வாங்கிக்கொள்வான்.

அவனை அகதியாக ஏற்றுக்கொண்டு வழக்கு முடிந்த அன்றும் சப்பாத்தைக் கொண்டு வந்து நீட்டினான். "இனி ஏனடா?" என்றேன். "பழகிப்போச்சுது அக்கா" என்றான். அந்த ஆடியில் மாமன் ஒருவர் கூப்பிட்டு நியூ ஜேர்சிக்குப் போனான். வெயில் காலம், கன்வஸ் சப்பாத்தோடு போனான். பனிச்சப்பாத்து எங்கள் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறும்போதுதான் யாருக்கோ கொடுத்தேன்.

இப்படிப்பட்டவனிடம் கேட்கக் கூடாதாம். இவர் பெருமையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கட்டும், எனக்கு என் பிள்ளையின் வீடு பெரிது என்று நினைத்தேன். இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நானே வசீகரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் முழுக்கச் சொல்லி முடிக்க முன்னமே, "ஞாயிற்றுக்கிழமை வாறன் அக்கா" என்று விட்டான்.

ஞாயிறு வந்தது. பங்குனி மாதம், தெருவெல்லாம் கரைந்த பனியும் உப்பும் சேறும். விடியவே எழும்பிப் புட்டு அவித்து, ஆட்டிறைச்சிக் கறி வைத்து, கத்தரிக்காய் பொரித்தேன். நிலத்தை இரண்டு தரம் துடைத்தேன். என் வீட்டுக்குள் சப்பாத்தோடு கால் வைத்தவர் யாரும் உயிரோடு திரும்பியதில்லை என்று றொபின்சன் பகிடி பண்ணுவார். கஜந்தினி பிளாட்ஸ்பர்க்கிலிருந்து தனியாக வந்தாள். இவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் நல்ல சேட்டுப் போட்டிருந்தார்.

வசீகரன் வந்து இறங்கினான். தலை நரைத்து, தொந்தி வைத்து, விலையான தோல் சப்பாத்தோடு. வாசலில் குனிந்து அதைக் கழற்றிச் சோடியாக ஒதுக்கி வைத்தான். வைத்த விதம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவளோ அவள்?" என்று கஜந்தினியைப் பார்த்தான். "என்ரை சேட்டெல்லாம் பாலாக்கினவள்."

"எனக்கு ஞாபகம் இல்லை மாமா" என்று அவள் சிரித்தாள்.

சாப்பாட்டு மேசையில் இருந்தோம். பழைய கதையெல்லாம் வந்தது. இரவல் காரின் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இவரும் அவனும் திரும்பி வந்தது, நான் குசினிக்குள் கத்தியது அவனுக்குக் கூடத்தில் ஒரு சொல் விடாமல் கேட்டது. இவர்கூடச் சிரித்தார். வசீகரன் சொன்னான்: "ஆராவது கேட்டா, நான் இந்தத் தொழிலைக் கோட் டி நேஜிலை பழகினனான் எண்டுதான் சொல்லுவன்." பிறகு கஜந்தினியின் பக்கம் திரும்பினான்.

"பிள்ளை, அக்கா சொன்னவ. நீ என்னோடை சேர். உன்னட்டை ஒரு பங்கும் பிடிக்க மாட்டன். வீட்டையும் எழுதத் தேவையில்லை."

நான் இவரைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்று கண்ணால் கேட்டேன். என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

கஜந்தினி கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, ஒண்டு கேக்கட்டே? நான் பிணை எழுதின ஆள் ஓடினா என்ன செய்வீங்கள்?"

"தேடிப் பிடிப்பம்."

"கிடைக்காட்டி?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"என்னட்டைக் கேக்க மாட்டீங்களோ?"

"அண்ணையின்ரை பிள்ளையிட்டை நான் எப்பிடியம்மா கேக்கிறது?"

"அடுத்த ஆளும் ஓடினா?"

"அதுக்கும் நான் இருக்கிறன்."

"உங்களுக்குக் கீழை இருக்கிற மற்ற ஆக்களிட்டை?"

"அவையிட்டைக் கேப்பன். கேக்காட்டித் தொழில் நடக்காது" என்று சிரித்தான்.

கஜந்தினி சிரிக்கவில்லை. "அப்ப நான் உங்களோடை சேரேலாது மாமா" என்றாள்.

"வாயை மூடு" என்றேன் நான். "ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ?"

"அம்மா, பொறுங்கோ." அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "நான் புதுசு. என்ரை கந்தோருக்குத் தாய்மார் வந்து நிண்டு அழுவினம். எனக்கும் சுடும் எண்டு தெரிஞ்சாத்தான் நான் ஆக்களைப் பாத்து எழுதப் பழகுவன். மாமா என்னைச் சுட விடமாட்டார். நான் எல்லாருக்கும் எழுதுவன். ஒரு நாள் என்னாலை மாமாவின்ரை தொழில் விழும். அப்பவும் அவர் அப்பாட்டைச் சொல்ல மாட்டார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "செலீன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நான் மாமாவுக்குத்தான் ஏலாது எண்டு சொல்லோணும்."

வசீகரன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரிந்தது, தொழில் தெரிந்தவன் அல்லவா. ஆனால் அவன் முகம் இருந்த இருப்பை என்னால் பார்க்க முடியவில்லை. என் பிள்ளைக்கு ஒன்று அடித்தால் என்ன என்றுகூட எனக்கு வந்தது.

"பிள்ளை சரியாத்தான் சொல்லுது" என்றான். பிறகு இவரைப் பார்த்தான். "அண்ணை, அக்கா போன் எடுத்த அண்டைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமோ? என்ரை கேஸ் அப்பவே முடிஞ்சுது. எனக்கு வீடு இருக்கு, பிள்ளையள் இருக்கினம். எண்டாலும் நான் இன்னும் உங்கடை பிணையிலைதான் நிக்கிறன். நீங்கள் ஒரு நாளும் ஒண்டும் கேக்கேல்லை. ஏதாவது கேட்டிருந்தா, செய்து முடிச்சிட்டு நிம்மதியா இருந்திருப்பன். இது வந்துது, இதுவும் இல்லையெண்டு போச்சுது."

இத்தனை காலமும் நான் சண்டை பிடித்து வெல்ல முடியாத பெருமை என் மனுசனின் முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். அவன் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்றுதான் இவர் கேட்காமல் இருந்தார். அதுதான் அவனுக்குப் பாரமாக இருந்திருக்கிறது. இது இவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, பாவம்.

தியாகலிங்கம் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். முழங்கால் நோவோடு மெல்ல மெல்ல வாசலுக்குப் போனார். குனிந்தார். வசீகரனின் சப்பாத்துச் சோடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்தார். சேறும் உப்பும் என் நிலத்தில் சொட்டின. வந்து அவன் காலடியில் வைத்தார்.

வசீகரன் பதறி எழும்பிவிட்டான். "அண்ணை, என்ன செய்யிறியள், நீங்கள் போய் என்ரை சப்பாத்தை..."

"இரு வசி. நீ போகேக்கை உன்ரை பனிச்சப்பாத்தை நாங்கள் திருப்பித் தரேல்லை. கட்டிலுக்குக் கீழையே கிடந்துது. அது எங்கடை பிழை." சப்பாத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத் தள்ளினார். "இந்தா, போடு. இஞ்சையே போடு. உன்னை ஒருதரும் பிடிச்சு வைக்கேல்லை. வரோணுமெண்டா வா, வராட்டியும் ஒண்டுமில்லை."

வசீகரன் என்னைப் பார்த்தான். என் நிலத்தைப் பார்த்தான். "போடு" என்றேன் நான்.

அவன் திரும்பவும் கதிரையில் அமர்ந்து, குனிந்து, வாரை இழுத்துக் கட்டினான். நேரம் எடுத்துக் கட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, நான் இரண்டு தரம் துடைத்த நிலத்தில் சப்பாத்தோடு நடந்து வாசலுக்குப் போனான். கஜந்தினியின் தலையில் ஒரு தரம் கை வைத்தான். "அந்த ஆல்பனிக்காரியோடை சேர் பிள்ளை, அவ நல்ல ஆள். எனக்குத் தெரியும்" என்றான். கதவைத் திறந்தவன் நின்றான். திரும்பினான்.

"அக்கா, புட்டு மிச்சம் இருக்கோ? இருந்தா கொஞ்சம் கட்டித் தாங்கோவன். வழிக்கு."

அவன் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குசினிக்குள் ஓடி, இருந்த புட்டையெல்லாம் அள்ளிக் கட்டினேன், கறியைப் போத்தலில் விட்டேன், இறைச்சித் துண்டாகப் பார்த்துப் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அக்கா, கத்தரிக்காயும்" என்றான். திரும்பவும் உள்ளே ஓடினேன்.

கார் போனதும் இவர் நிலம் துடைக்கும் தடியை எடுத்துக்கொண்டு வந்தார். கஜந்தினி ஜன்னலடியில் நின்று செலீனுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு ஆண்பிள்ளையின் சப்பாத்துத் தடங்கள் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தன.

"விடுங்கோ, நாளைக்குத் துடைப்பம்" என்றேன்.